இரண்டு மருத்துவமனை, ஒரே முகவரி

மார்ச் 4
மேலாளர் இன்று திருவாய் மலர்ந்தார். "அந்த ஆஸ்பத்திரியும் இனிமே நம்மளுதுதான். நடுவுல ஒரு ஒயர் இழுத்துட்டா ரெண்டு நெட்வொர்க்கும் ஒண்ணாயிடும்ல?" ஒயராம். நெட்வொர்க் என்றால் இவருக்குத் துணி காயப்போடும் கொடி.

மார்ச் 6
பயந்தபடியே ஆயிற்று. இங்கேயும் அங்கேயும் கணினிகளுக்கு அதே ஐபி முகவரிகள். எங்கள் மருந்தகக் கணினியின் எண்தான் அங்கே எக்ஸ்ரே அறைக்கும். ரெண்டு தெருவுக்கும் ஒரே பேர், ஒரே கதவு எண், தபால்காரர் எங்கே போவார் என்று மனைவியிடம் கேட்டேன். "யாராவது ஒருத்தர் நம்பர மாத்திக்க வேண்டியதுதானே?" என்றாள். அதேதான். அவர்கள் மாற்றட்டும்.

மார்ச் 9
அந்தப் பக்கத்து நெட்வொர்க் பொறுப்பாளர் ஒரு பெண். டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டேன். பேச்சுக்குப் பேச்சு கேள்வி. "உங்களோடத மாத்துனா என்ன சார்?" என்னுடையதையா! இங்கே நானூறு கணினிகள். அங்கே இருப்பது தொண்ணூறு. அதற்கு இந்த வாய்.

மார்ச் 11
கடைசியில் யாரும் மாற்ற வேண்டாம் என்று முடிவு. நடுவில் இருக்கும் ரவுட்டரில், ஒன்றோடொன்று பேச வேண்டிய கருவிகளுக்கு மட்டும் ஒரு மாற்று எண் பட்டியல்: அவர்கள் கருவிகள் எங்களுக்கு வேறு எண்ணில் தெரியும், எங்களுடையவை அவர்களுக்கு. நானே உட்கார்ந்து தட்டினேன். "ஒவ்வொரு வரியா ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துரலாம் சார்" என்றார் டீச்சர். முப்பது வரி! ஒன்றாம் வகுப்பா நடத்துகிறோம்? வேண்டாம் என்றேன்.

மார்ச் 16
இணைத்தாயிற்று. கைதட்டல். மேலாளர் தானே ஒயர் இழுத்ததுபோல் நின்றார்.

மார்ச் 17
காலை பத்தரை. எங்கள் அறுவை அறையில் ஒரு பெண் படுத்துக் காத்திருக்கிறார். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு அங்கிருந்து இங்கே பிரிண்டரில் வர வேண்டும். வரவில்லை. "அனுப்பி கால் மணி நேரமாச்சு சார்" என்றார் டீச்சர், போனில். பொய் என்று கத்தினேன். "ஓட்ட ஒடசல் எல்லாத்தையும் வச்சுக்கிட்டு வேல பாக்க வந்துட்டீங்க" — இன்னும் என்னென்னவோ. நான் கத்தி முடித்ததும் அவர் அறுவை அறைக்குப் போன் போட்டு முடிவை இரண்டு முறை வாசித்துக் காட்டியிருக்கிறார். அறுவை நல்லபடியாக முடிந்தது.

அப்புறம் ஆவண அறை எழுத்தர் ஒரு தாளோடு வந்தார். "எங்க பிரிண்டர்ல வந்துச்சு. யாரோடதுன்னு தெரியல சார்."

பட்டியலைத் திறந்தேன். அறுவை அறை பிரிண்டருக்கு 45 இருக்க வேண்டிய இடத்தில் 54, ஆவண அறையுடையது. தட்டியது என் விரல். வேறு யார் விரல்?

மார்ச் 18
"அந்தம்மா தப்புன்னு எழுதிடலாமா?" என்கிறார் மேலாளர். கூசாமல் கேட்கிறார்! கேவலமான மனுஷன். — நேற்று போனில் நான் செய்தது மட்டும் என்னவாம்?
என் தப்பு என்றேன். அவர் முகம் அஷ்டகோணலாயிற்று.

மார்ச் 19
எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 23
பட்டியலை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறி டீச்சரின் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறிய அறை, இரண்டு நாற்காலி. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "உக்காருங்க சார். முதல் வரிய வாசிங்க" என்றார்.

வாசித்தேன். பத்தொன்பதாவது வரியில் இன்னொரு தப்பு அகப்பட்டது. திருத்திவிட்டு இருபதாவதை வாசித்தேன்.