அமெரிக்க எழுத்தாளர் சாப்பிட்ட மொகிங்கா

ஞாயிறு, இரவு. ரங்கூன், தாமுவே.

இன்று எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு பெரிய அமெரிக்க நாவலாசிரியரின் வாழ்க்கையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவருடைய ஒரே ஒரு நாவலைத்தான் படித்திருக்கிறேன், அதுவும் பர்மிய மொழியில். அதில் கதாநாயகன் நம் ரங்கூன் பசுந்தாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, அரிசி நூடுல்ஸில் மீன் குழம்பு ஊற்றிய மொகிங்கா சாப்பிடுகிறான். ஆகவே ஆசிரியர் இளமையில் ரங்கூனில் குடியிருந்தவர் என்று அடித்துச் சொன்னேன். நல்ல கைதட்டல்.

உடனே பெரியவர் ஊ மாரியப்பன் எழுந்தார். "ஆமாங்க! அந்த வெள்ளைக்காரரு எங்கப்பா கடையிலதான் சாப்பிடுவாரு. மீன் குழம்பு இன்னொரு கரண்டி கேட்பாரு." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டார்.

டீ குடிக்கும்போது பள்ளிக்கூட டீச்சர் மா செல்வி என்னை ஓரங்கட்டினாள்.

"அண்ணே, நான் அதை இங்கிலீஷ்ல படிச்சிருக்கேன். கதை நடக்கிறது சிகாகோவுல. பர்மியத்துல மொழிபெயர்த்தவரு நமக்காக ஊரையும் சாப்பாட்டையும் மாத்திட்டாரு. அந்த அமெரிக்கக்காரர் இந்தப் பக்கமே வந்ததில்ல."

"அப்ப மொகிங்கா?"

"அங்க அது பீன்ஸ் சூப்பு."

அடுத்த ஞாயிறு மேடையேறித் தப்பை ஒப்புக்கொள்வேன். மேடையில் என்னை நானே கிண்டலடித்து ஊரைச் சிரிக்க வைப்பதுதான் என் பிழைப்பு, இந்த முறை நகைச்சுவையை யோசிக்கிற வேலைகூட இல்லை. மாரியப்பனை நினைத்தால்தான் கொஞ்சம் உறுத்துகிறது. கூட்டம் கலையும்போது சங்க வாசலில் நின்று, போகிற எல்லோரிடமும் அப்பாவின் கடையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். மேடையேறுவதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய், உங்கள் அப்பா கடையில் சாப்பிட்டவர் வேறொரு அமெரிக்க எழுத்தாளர், இவரைவிடப் பெரிய ஆள் என்று சொல்லிவிடுவேன். பெயர் கேட்டால் என்ன சொல்வது என்பதைக் காலையில் யோசிக்கலாம்.