கடலடியில் கேட்ட குரல்

அன்புள்ள நைனாவுக்கு,

அனந்தி வணங்கி எழுதுகிறேன். முட்டிவலி இப்போது தேவலையா? தொண்டூரில் மழை உண்டா? அந்தமானில் நான் சுகமாக இருக்கிறேன்.

எங்கள் கடல் ஆய்வு நிலையத்துக்குப் புதுக் கருவிகள் தரலாமா, இல்லை நிலையத்தையே மூடிவிடலாமா என்று பார்க்க அரசாங்கக் குழு வந்தது. கடலடியில் கிடக்கும் பழைய மைக்கை அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனில் திமிங்கிலச் சத்தம் வரும் என்று பார்த்தால், மல்லாட்டைக் கொல்லையிலிருந்து நீங்கள் கூப்பிடுவதுபோல, "அனந்தி, வூட்டுக்கு வாம்மா" என்று கேட்டது.

குழுத் தலைவர் சுமலதா மேடம் நம் செஞ்சிப் பக்கத்துக்காரர். அவரும் வாங்கிக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு இன்னா கேட்டுச்சு?"

"எங்க நைனா கூப்பிட்டாரு மேடம்."

"எனக்கு எங்கம்மா. அவங்க தவறிப்போயி ஒரு வருஷமாவுது."

பயப்படாதீர்கள், பழைய வயரின் இரைச்சலாகத்தான் இருக்கும். மேடம் புதுக் கருவிகளுக்கு ஒப்புதல் தந்துவிட்டார். போகும்போது, "அந்தப் பழசை மட்டும் கழட்டிடாதீங்க" என்றார்.

இங்கே கிடைக்கும் வேர்க்கடலை நம் மல்லாட்டை மாதிரி இல்லை, கொஞ்சம் வறுத்து அனுப்புங்கள். தபால் கொண்டுபோகும் படகு நிற்கிறது, முடிக்கிறேன். போனில் எப்போதும் "சாப்டியா" என்று மட்டும் கேட்கிறீர்கள். கடிதம் கிடைத்ததும் ஒருமுறை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் நைனா.

உங்கள் மகள்,
அனந்தி