நான் வைக்காமல் விட்ட புள்ளி

அன்பு மாப்ள முத்துவேலுக்கு,

நமக்குக் கோடைக்கால ஃபெல்லோஷிப் கிடைத்தது. அது முடிந்தும் விட்டது. உன்னிடம் போனில் கத்திச் சொல்ல வேண்டியதை இப்படி ஊரறிய எழுத வேண்டியிருக்கிறது.

தகவல் வந்தபோது நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. தேர்வான குழு என்று போட்டு, முதலில் உன் பெயர், அடுத்து என் பெயர். காய்ச்சல் என்று ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பஸ் வந்து போய்விட்டது.

வேண்டாம் என்று எழுதிவிடத்தான் நினைத்தேன். அப்புறம் உன்மேல் கோபம் வந்தது. மதுரைச் சுவர்களில் ஒட்டுகிற கல்யாணப் போஸ்டர், காதணி விழாப் போஸ்டர், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் எல்லாவற்றையும் படம் பிடித்து, அதிலுள்ள தமிழைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தத் தெருவில் எப்படி வாழ்த்துகிறார்கள், எப்படி அழுகிறார்கள் என்று போஸ்டருக்கு ஒரு புள்ளி வைத்து ஒரு வரைபடம் போடலாம் என்றது யார்? என்னை இழுத்துவிட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டால் எப்படி? அந்தக் கோபத்திலேயே போய் ஃபெல்லோஷிப்பில் சேர்ந்துவிட்டேன்.

கோடை முழுக்க ஏசி அறை மாப்ள. நீ ஆசைப்பட்ட மாதிரியே பெரிய திரை, பல ஊர்களிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவர்கள். "போஸ்டர்ல என்னங்க இருக்கு?" என்று ஒருவன் சிரித்தான். நீ இருந்திருந்தால் அவனை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், சாயங்காலத்துக்குள் நம் ஆளாக்கியிருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? முறைத்துவிட்டு வந்தேன்.

வளைத்து நெளித்து, நிழல் கொடுத்து, நெருப்புப் பற்றவைத்த நம்ம ஊர்ப் போஸ்டர் எழுத்தைக் கம்ப்யூட்டர் எங்கே கண்டது? திணறிப்போனது. பாதிக்குமேல் நானே கையால் தட்டினேன்.

செல்லூர்ச் சந்துகளுக்கும் தனியாகத்தான் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பாப்பா, தம்பி வரலையா?" என்றார்.

"ஊருக்குப் போயிருக்காருண்ணே" என்று சொல்லிவிட்டேன். பொம்பளைப் பிள்ளையை மாப்ள என்று கூப்பிடுகிறாயே என்று உன்னைத் திட்டினாரே, அவர்தான். "கூட வேலை பாக்குற ஆளு யாரா இருந்தாலும் மாப்ளதாண்ணே" என்று நீ சொன்னது அவருக்கு நினைவிருக்குமா?

உன் போஸ்டரையும் பார்த்தேன். உன் சாவுக்கு வந்த அன்று, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சுவரில். மலர்ந்தது, உதிர்ந்தது என்று இரண்டு தேதி. நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட நீ. நாம் இரண்டு பேரும் சேர்ந்து நின்ற படம் அது. உன்னை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள், ஓரத்தில் என் துப்பட்டா நுனி தெரிகிறது. கீழே உன் சேக்காளிகள் பெயர் அத்தனையும் இருந்தது. என் பெயர் இல்லை. நண்பர்கள் வரிசையில் ஒரு பெண் பெயர்கூட வருவதில்லை என்று முதலில் கவனித்துச் சொன்னவனே நீதானே?

படம் எடுத்துக்கொண்டேன். வரைபடத்தில் சேர்க்கத்தான் கை வரவில்லை.

"கண்ணுல பட்டது அம்புட்டும் உள்ள போகணும் மாப்ள. பிடிச்சது பிடிக்காததுன்னு பாத்தா அது ஆராய்ச்சி இல்ல, ஆல்பம்." நீ போட்ட சட்டம் இது. கண்றாவியாக இருந்த ஒரு பிறந்தநாள் போஸ்டரை நான் விட்டுவிட்டதற்கு என்னோடு பேசாமலே இருந்தாயே, மறந்துவிட்டாயா? இவ்வளவும் தெரிந்தும், கடைசி வாரம் வரை உன் படம் என் போனிலேயே கிடந்தது.

நிறைவு நாளுக்கு, ஃபெல்லோஷிப்பை நடத்திய மேடம் உன் அம்மாவையும் அப்பாவையும் அழைத்திருந்தார். திரையில் உன் பெயர் வந்ததும் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பேசி முடிக்கும்வரை பொத்திய கையை எடுக்கவே இல்லை. எல்லோரும் டீ குடிக்கப் போனபிறகு, போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"இதையும் சேக்கணும்மா. ஒண்ணுவிடாம சேக்கணும்னு அவன்தான் சொல்லுவான். சேக்கட்டுமா?"

"அவன் சொன்னான்னா சேத்துரு தாயி" என்றார் அப்பா.

அம்மா விடவில்லை. "அவன் கெடக்கான் கிறுக்கன். இம்புட்டையும் செஞ்சவன்னு எம்மகன் பேரு முன்னால நிக்குது. செத்தவுக வரிசையில எதுக்குத் தாயி அவனக் கொண்டுபோயி நிப்பாட்டணும்? ஊருச் செவுரு பூராம் ஒட்டுனது பத்தாதா? இதுலயாச்சும் அவன் வேல பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

நான் என்ன செய்வேன், சொல்லு. மேடத்திடம் சொன்னேன். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் ஒரு படம் சேர்க்கப்படவில்லை என்று அறிக்கையில் எழுதிவிடச் சொன்னார். எழுதிவிட்டேன்.

உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆல்பமாக்கிட்டியே என்று குதிப்பாய். அதை எழுதி முடித்ததும் யாராவது வந்து என்னோடு மல்லுக்கு நிற்பார்கள் என்று பார்த்தேன். நல்ல முடிவு, நல்ல முடிவு என்று சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நல்ல முடிவா என்று இவர்களை யாருடா கேட்டது? எனக்கு நீ வேண்டும். வந்து கத்த வேண்டும்.

மிச்சமிருக்கிற திருமங்கலம் சுவர்களை நானே முடித்துவிடுகிறேன். எத்தனை பேர் சேர்ந்தாலும் உன் பெயர்தான் முதலில் இருக்கும், இது சத்தியம். அந்த ஒரு புள்ளியை மட்டும் நான் வைக்கமாட்டேன். அவ்வளவு ரோஷம் இருந்தால் நீயே வந்து வை.

உன்னோடு சண்டை போடக் காத்திருக்கும்
உன் மாப்ள,
கயல்விழி