லலிதாவின் எஸ்பஞோல் நோட்டில் நான் யார்

என் வயிற்றில் மூத்தவளாய்ப் பிறந்த தனத்துக்கு,

நீ கண்மூடி இருபது வருஷமாகிறது. நீ அறியாத சேதி நிறைய இருக்கிறது. பிரான்சுக்காரன் கொடி இறங்கி எட்டு வருஷமாயிற்று. சைகோனுக்குப் போன உன் புருஷன் திரும்பவே இல்லை. அவனுக்காக இந்தத் தாளை வீணாக்க மாட்டேன். உன் மகள் லலிதா பிரான்சில் காலேஜ் முடித்துவிட்டாள். என்ன படிப்பு என்று கேட்பாய். எஸ்பஞோல். ஸ்பெயின் தேசத்துப் பேச்சு, அவர்கள் கதை, பாட்டு, பழக்கவழக்கம். நாலு வருஷமும் அதுதான் படிப்பு.

அவள் கப்பலேறியபோது எதிர்வீட்டுச் செங்கேணி கேட்டாள்: "டாக்டருக்குப் படிச்சா ஊசியாவது போடலாம். இதைப் படிச்சிட்டு வந்து இங்க எவங்கிட்ட பேசுவா உன் பேத்தி? மீன் விக்கிறவங்கிட்டயா?"

"உங்கிட்ட பேசாம இருந்தா போதும்" என்றேன். அன்றோடு நானும் அவளிடம் பேச்சை நிறுத்தினேன். இன்னும் பேசவில்லை.

இந்த ஆடியில் லலிதா வந்தாள். வந்த அன்றே சாப்பாட்டு மேசையைத் தட்டி, "ஆயா, இதுக்கு எஸ்பஞோல்லயும் மேசாதான். அலமாரிக்கு அர்மாரியோ" என்று சிரித்தாள். எனக்கும் வேடிக்கையாக இருந்தது. "ஆயாவுக்கு என்னடி?" என்றேன். சிரிப்பு நின்றது. "குளிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

பெட்டித் துணிகளை வெயிலில் போட எடுத்தபோது ஒரு நோட்டு வந்தது. நம் வீட்டைப் பற்றி எஸ்பஞோலில் எழுதி வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியதாகக் எனக்குக் கடிதம் போட்டிருந்தாள், அந்தக் கட்டுரை. கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது இரண்டே வருஷம். ஆனாலும் பிரெஞ்சு எழுத்துக் கூட்டுவேன். ஆ, இகிரெக், ஆ. பக்கத்துக்குப் பத்து இடத்தில் ஆயா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

ஓரத்தில் சிவப்பு மையில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. அதையும் கூட்டினேன். தொமெஸ்திக். அதற்கு எனக்கு அகராதி வேண்டாம். என் அம்மா வெள்ளைக்காரத் தெருவில் பாத்திரம் தேய்த்தபோது, அவள் வேலைச் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சொல். வேலைக்காரி.

லலிதாவைக் கூப்பிட்டேன். "இது யாருடி எழுதினது?"

"எங்க வாத்தியாரு. முசியே."

"முழுசா படி."

"'உங்க வீட்டு வேலைக்காரியோட விசுவாசத்த அழகா எழுதியிருக்கீங்க'ன்னு போட்டிருக்காரு." அவள் என்னைப் பார்க்கவில்லை. "அந்த பாஷையில ஆயான்னா புள்ள வளக்குற வேலைக்காரி. நான் நம்ம ஆயான்னுதான் எழுதினேன். அவரு அப்படி எடுத்துக்கிட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எல்லாரும் மெச்சிக்கிட்டாங்க ஆயா. ஆயா வெச்சி வளத்த பெரிய வீடான்னு கேட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"வாயால."

தனம், உன்னையும் விட மாட்டேன். மூணு வயசில் அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். நீ படுக்கையில் கிடந்தபடி சொன்னாய்: "அப்படிக் கூப்புட வேணாம்மா. நான் இன்னும் இருக்கேன். ஆயான்னு பழக்கு." பழக்கினேன். நீ போன பிறகும், காய்ச்சலில் அவள் வாய் தவறினால்கூடத் திருத்தினேன். ஒரு சொல்லை நீ எடுத்துக்கொண்டு இன்னொரு சொல்லை எனக்கு விட்டுப் போனாய். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது பார்த்தாயா? தெரிந்தா செய்தாய், தெரியாமல்தான். அதனால் எனக்கு ஆறிவிடுமா?

"அந்த முசியேக்கு ஒரு கடுதாசி எழுது" என்றேன்.

"மார்க் போட்டு முடிஞ்சிடுச்சி. இப்ப எழுதினா என்னப் பத்தி என்ன நெனப்பாரு?"

"என்னப் பத்தி நெனச்சது பரவாயில்லையா?"

இரண்டு மாதம் இருந்தாள், நான் சமைத்ததைச் சாப்பிட்டாள், ஒரு வரி எழுதவில்லை. போன வாரம் கப்பலேறிவிட்டாள். நோட்டு அலமாரியில் கிடக்கிறது. மறந்துவிட்டாளாம். அவள் சாமானில் அது ஒன்றுதான் மறந்தது.

அந்தச் சிவப்பு மைக்குக் கீழே தமிழில் எழுதினேன்: 'நான் வேலைக்காரி இல்லை. இவள் தாயைப் பெற்றவள்.' கையெழுத்தும் போட்டேன். நோட்டு அட்டையில் காலேஜ் விலாசம் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து உறையில் எழுதிவிட்டேன். நாளைக்குத் தபாலில் சேர்ப்பேன். முசியேக்குத் தமிழ் தெரியாது. யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வகுப்பில் தமிழ் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள் என்பது அவருக்குத் தெரியும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் மகள் எப்போது வந்தாலும் சோறு போடுவேன், தலைக்கு எண்ணெய் வைப்பேன், ஒரு குறை வைக்க மாட்டேன். ஆனால் நான் யாரென்று அந்த முசியேயிடம் தன் வாயால் சொல்லும்வரை, அவள் ஆயா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா