மேற்குச் சுவரின் ஓதம்

கொல்லம் 1097, வைகாசி 19

இரண்டு நாளாக மழை விடவில்லை. மேற்கு அறைச் சுவரில் மறுபடியும் ஓதம். தரையிலிருந்து ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு கறுத்து, கை வைத்தால் உதிர்கிறது. பெட்டியில் இருந்த சேலையெல்லாம் பூசணம்.

எல்லாம் அடுத்த வீட்டு மகராசியின் வேலை. கொழுந்தன் பெண்டாட்டி கல்யாணசுந்தரி. பாகம் பிரிந்து இரண்டு வருஷம் ஆயிற்று, அவள் வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. பாத்திரம் கழுவுகிற தண்ணீரை என் சுவர்ப் பக்கம் பார்த்துத்தான் வீசுகிறாள். நான் கண்ணால் கண்டதில்லை. காணாவிட்டால் என்ன, அவளை எனக்குத் தெரியாதா?

வைகாசி 23

மகள் மரகதவல்லியைப் பேறுகாலத்துக்கு அழைத்து வர ஒற்றசேகரமங்கலம் போனோம். சம்பந்தியம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “தலைப்பேறுக்கு அனுப்பினோம். பதினாலு நாள்ல வெறுங்கையா ஆக்கினீங்க. இதையாவது உசுரோட தாருங்க” என்றாள்.

மரகதத்தை அழைத்துக்கொண்டு வந்தோம். போன ஆடியில் அந்தப் பிள்ளை மேற்கு அறையில்தான் கிடந்தது. கதவடைத்துப் படுக்க எங்களுக்கு அந்த ஒரு அறைதான் உண்டு. விரித்த துணி எதுவும் காயாது. சளி முட்டி, மூச்சு இழுத்து, பால் குடிக்காமலே போய்விட்டது. சுந்தரியின் கண் பட்டது என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

வைகாசி 30

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நன்றாகக் கேட்டேன். “எம் பேரப்பிள்ளைய முழுங்கினது போதாதா? இன்னும் தண்ணிய இங்கயா ஊத்துறே?” அவள் சாவகாசமாக, “அக்கா, எங்க தண்ணி வடக்கால போகுதாக்கும். வந்து பாருங்க” என்றாள். அந்த நிதானம்தான் எனக்கு ஆகாது.

என் வீட்டுக்காரர் நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் குமாஸ்தா. பிராது கொடுத்தால் சாட்சியம் வேண்டும் என்கிறார். சரி, நான் உண்டாக்குகிறேன். ஓதம் நிற்கும் உயரத்தில் அடுப்புக்கரியால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். அவள் தண்ணீர் விட விட ஓதம் கோட்டைத் தாண்டி ஏறும். அதைக் காட்டினால் போதும்.

ஆனி 4

ஓதம் கோட்டுக்கு மேல் இரண்டு விரல் ஏறியிருக்கிறது. எனக்குச் சந்தோஷம்.

ஆனி 12

எட்டு நாளாக மழை இல்லை. சுந்தரி வீட்டிலும் ஆள் இல்லை. கொல்லயில் ஊரில் கல்யாணம் என்று ஆறு நாளாகப் பூட்டு. ஒரு செம்புத் தண்ணீர் கொட்ட அங்கே யாருமில்லை.

ஆனால் ஓதம் இன்னும் ஒரு விரல் ஏறியிருக்கிறது. இது எப்படி?

ஆனி 14

கொத்தன் வேலாயுதன் வந்தான். ஓட்டில் ஒழுக்கு உண்டா என்று முதலில் பார்த்தான். இல்லை. பூச்சைக் கொத்தி எடுத்தான். உள்ளே வெட்டுக்கல் கைவைத்தால் சொதசொத என்று இருந்தது. பிறகு வெளியே போய், சுவரோரம் வாழை நிற்கிற இடத்தில் கடப்பாரையை இறக்கினான். குழியில் தண்ணீர் ஊறி வந்தது.

“கொச்சம்மா, இது மேலேருந்து வாறது இல்ல. கீழேருந்தாக்கும் ஏறுது. உங்க கூரைத் தண்ணி முழுக்க இந்த மண்ணுலதான் விழுது, போக வழியில்ல. மண்ணு வீட்டுத் தரைக்கு மேல ஒரு சாண் நிக்குது. வெட்டுக்கல்லு உறிஞ்சிக் குடிக்கும். வெளியே விடாம சுண்ணாம்பு பூசியும் வச்சிருக்கீங்க. இங்க ஓடை ஒண்ணு இருக்கணுமே, யாரு மூடினது?”

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனி 15

நான்தான் மூடினேன். இங்கேயாவது எழுதுகிறேன்.

பாகம் பிரிந்த வாரம், அவர்கள் முற்றத்துத் தண்ணீர் வெளியே போகக் கூடாது, அங்கேயே கட்டிக் கிடந்து நாறட்டும் என்று என் சுவரோர ஓடையில் ஐந்து வண்டி மண் அடித்து, வாழையும் வைத்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. தன் பக்கம் வடக்கே புது ஓடை வெட்டிக்கொண்டாள். அந்த முதல் மழையிலேயே வேலியோரம் வந்து, “அக்கா, மண்ணு சுவரத் தொட்டுக் கிடக்கு. எடுத்துப் போடச் சொல்லுங்க” என்றாள். வயிற்றெரிச்சலில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வருஷம்தான் அந்த ஆடி வந்தது. பிள்ளை—



ஆனி 17

வாழையை வெட்டி ஓடையைத் தோண்டுகிறார்கள். நான் கேட்காமலே சுந்தரி தன் ஆளையும் மண்வெட்டியோடு அனுப்பினாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அதையும் கொடுக்க மாட்டேன் என்கிறாள், பாவி. ஆவணிக்கு முன்னால் சுவர் காயாது என்கிறான் வேலாயுதன்.

ஆனி 27

மரகதம் தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். “சித்தி கூப்பிட்டாங்க. அந்த அறையில இனி நான் படுக்க மாட்டேம்மா” என்றாள். நான் செத்த பிறகு போ என்று கத்தினேன். அவள் நிற்கவில்லை.

ஆடி 21

பெண் குழந்தை. விடியும்போது பிறந்தது. அழுகை இங்கே வரைக்கும் கேட்டது.

ஆடி 29

சம்பந்தியம்மாள் குழந்தையைப் பார்க்கச் சுந்தரி வீட்டுக்கு வந்திருந்தாள், நானும் போனேன். பிள்ளைப்பேறு ஏன் தாய்வீட்டில் நடக்கவில்லை என்று சுந்தரியைக் கேட்டாள். “அங்க மராமத்து நடக்குது, அதுக்காக்கும்” என்று அவள் மழுப்பினாள். எனக்காகப் பொய் சொல்கிறாள்! அவள் தயவில் நான் நிற்க வேண்டுமா? பொறுக்க முடியவில்லை. “மராமத்து ஒண்ணுமில்ல. ரெண்டு வருசம் முன்ன ஓடைய மூடினது நான். அதுலதான் சுவரு ஊறிப் போச்சு” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மரகதம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். “அப்போ போன ஆடியிலயும் அதுதானாம்மா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டாள்.

கொல்லம் 1098, ஆவணி 24

சுவர் காய்ந்துவிட்டது. வேலாயுதன் தட்டிப் பார்த்து, இனிப் பயமில்லை என்றான். அறையைப் பெருக்கி, சாம்பிராணி போட்டு, புதுப் பாய் விரித்தேன். புருஷன் வீட்டுக்குப் போகும் முன் ஒரு பொழுதாவது பிள்ளையை இங்கே கிடத்தட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

சுந்தரிதான் வந்தாள். “நான் சொல்லிப் பாத்தாச்சு அக்கா” என்றாள். வில்வண்டி அவள் வாசலிலிருந்தே புறப்பட்டுப் போயிற்று.