உப்பின் அளவு கேளாமல் சொன்ன தீர்ப்பு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் அக்காவும் நலம். உன் நலத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் நீ நலமாக இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், சாப்பிட்டதைத் துப்புவதற்கும் உடம்பில் தெம்பு இருக்கிறது என்பதை இதுவரை நான்கு லட்சம் பேர் கண்ணால் கண்டு உறுதி செய்திருப்பதால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாடிப்படி ஏறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சமையலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது. கொத்தனார் மூன்று முறை வந்து அண்ணாந்து பார்த்து, "ஒழுகுது சார்" என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவற்றையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாம். ஆனால் தொலைபேசியில் நான் சொல்லும் ஒரு சொல்லை நீ என்ன செய்வாய் என்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

'துணிந்த நாக்கு' என்று உனக்கு நீயே பட்டம் சூட்டிக்கொண்டு நீ வெளியிடும் காணொளிகளை அண்மைவரை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டில் காப்பீட்டு நிறுவனத்தில் நல்ல வேலையில் இருப்பவன் விடுமுறை நாளில் ஏதோ விளையாடுகிறான் என்று இருந்துவிட்டேன். இரண்டு வாரம் முன்பு எங்கள் உணவு ஆய்வக ஓட்டுநர் மதியச் சாப்பாட்டு வேளையில் தன் கைபேசியை என் முன் நீட்டி, "சார், நம்ம தம்பி இப்ப ஊரறிஞ்ச ஆளு, பாருங்க" என்றார். அன்று மாலையே உன் காணொளிகள் பதினேழையும் பார்த்து முடித்தேன். வறுத்த சிலந்தி, புழு நெளியும் பாலாடைக்கட்டி, சாம்பலும் சுண்ணாம்பும் பூசி மாதக்கணக்கில் மூடிவைத்துக் கறுத்த முட்டை, குஞ்சு உருவான பிறகு அவித்த வாத்து முட்டை, மண்ணில் புதைத்து எடுத்த சுறா. பொருள்தான் பதினேழு, வித்தை ஒன்றே. மூக்கைப் பிடிப்பாய், கண்ணை உருட்டுவாய், ஒரு கடி கடித்துக் குடலே வெளியே வந்துவிடுவதுபோல் ஓங்கரிப்பாய். பட்டப்படிப்பும் மூன்று மொழியும் கைவசம் இருக்க, உலகத்துக்குக் காட்ட உனக்குக் கிடைத்த திறமை ஓங்கரிப்பு. பால் புளித்து உறைந்தால் அதற்கு நாம் தயிர் என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறோம். தேனீயின் வயிற்றுப் பையிலிருந்து வெளிவந்ததை மருந்து என்று நக்கிச் சாப்பிடுகிறோம். அடுத்தவன் வீட்டில் புளித்தது மட்டும் நமக்கு நாற்றம். இதைப் புரிந்துகொள்ள நுண்ணுயிரியல் தேவையில்லை, வளர்ப்பு போதும். அந்த வளர்ப்பு என்னுடையது என்பதால் இந்த வரியை எழுதக் கை கூசுகிறது. உன் அம்மா உனக்காக வாதாடினாள்: "நாலு பேரச் சிரிக்க வைக்கிறான், அது ஒரு குத்தமா? உங்களுக்குச் சிரிக்கிறதுக்குக்கூட ஆதாரம் வேணும்." அக்கா தட்டிலிருந்து தலை நிமிராமல், "அவன் எங்கம்மா சிரிக்க வைக்கிறான்? சோறு போட்டவங்களக் காட்டிக் கெக்கெக்கேன்னு சிரிக்கிறான், ரெண்டும் ஒண்ணா?" என்றாள்.

எங்கள் ஆய்வகத்தில் சுவைக்குழு என்று ஒன்று இருப்பது உனக்குத் தெரியும். ஆறு பேர் உட்காருவார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாதபடி நடுவே பலகைத் தடுப்பு. உணவின் நிறம் தெரியாமலிருக்கச் சிவப்பு விளக்கு. புளிப்பா, கசப்பா, காறலா, எவ்வளவு என்று எழுதலாம். பிடிக்கவில்லை என்று எழுதக் கட்டமே கிடையாது. முகம் சுளிக்கவும் கூடாது, ஏனென்றால் ஒருவன் சுளித்ததைப் பார்த்துவிட்டால் அடுத்தவன் நாக்கு உணவை விட்டுவிட்டு அந்தச் சுளிப்பைத்தான் சுவைக்கும். ஒருமுறை மூத்த வேதியியலர் ஒருவர் முகத்தைக் கோணிக்கொண்டே தடுப்புக்கு வெளியே வந்து தண்ணீர் கேட்டார். அன்றே அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன். "மூஞ்சி என் மூஞ்சி சார், அதுக்குமா சட்டம்?" என்று சண்டைக்கு வந்தார். ஆமாம் என்றேன். அவர் சுளித்தது ஐந்து பேருக்கு முன்னால். நீ சுளித்த கணக்கை மேலே எழுதிவிட்டேன்.

இனி பதினேழாவது காணொளி. உன் தெருமுனையில் எட்டே இருக்கை போட்டுச் சாப்பாட்டுக்கடை நடத்தும் பெண், மூன்று மாதம் சாடியில் உப்பிட்டு ஊறவைத்த மீனை உனக்குப் பரிமாறுகிறார். நீ புதியவன் என்பதால் முள்ளைத் தன் கையாலேயே நீக்கித் தருகிறார். நீ வாயில் வைத்துத் துப்பிவிட்டு, "இது சாப்பாடே இல்லீங்க, கெட்டுப்போன மீனு. இத நான் சொல்லல, எங்கப்பா சொல்றாரு. அவரு உணவு ஆய்வகத்துக்கே தலைவரு" என்கிறாய், அந்த ஊர் மொழியிலும் அதைக் கீழே எழுத்தில் ஓடவிட்டிருக்கிறாய். நான் பார்த்த மறுநாள் எங்கள் ஆய்வகத்தில் குடுவை கழுவும் அம்மா இதைப் பார்த்துவிட்டு என் அறைக் கதவருகே நின்றார். "சார், தம்பிய விடுங்க, பின்னாடி நிக்கிறவங்களப் பாருங்க. தம்பி துப்பினதும் சிரிக்கிறாங்க பாருங்க, ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சுட்டாங்க. அப்புறம் மேசையத் தொடச்சுட்டுத் தட்ட எடுத்துக்கிட்டு உள்ள போயிடறாங்க. திரும்பி வரவே இல்ல சார்." அந்தக் காட்சியை நான் அதற்குள் மூன்று முறை பார்த்திருந்தேன். மூன்று முறையும் உன் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். பெற்றவன் கண் அவ்வளவுதான் போலும்.

சென்ற திங்கட்கிழமை உன் ஊர் நகராட்சியின் உணவுப் பிரிவு அதிகாரியிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. உன் காணொளியைப் பார்த்தவர்கள் புகார் மேல் புகார் எழுத, அந்தக் கடையை மூடி இருபத்து மூன்று நாள் ஆகிறது. சாடியிலிருந்து எடுத்துப் பரிசோதித்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஓர் ஆய்வகத் தலைவர் கெட்டுப்போனது என்று சொன்னதாக ஊரெல்லாம் பரவியிருப்பதால், எந்த ஆதாரத்தில் அப்படிச் சொன்னீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள், அதுவரை கடையைத் திறக்க விட முடியாது என்று எழுதியிருந்தார். ஆதாரம் என்ன என்பது நம் இருவருக்கும் தெரியும். இரண்டு மாதம் முன்பு காலையில் நீ அழைத்து, "அப்பா, மீன மூணு மாசம் சாடியில போட்டு வெச்சா கெட்டுப்போகாதா?" என்று கேட்டாய். நான் அலுவலகத்துக்குப் புறப்பட்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக வாசலில் நின்றபடி, "கெட்டுத்தான் போகும், போய் வேலையப் பாரு" என்றேன். உப்பு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு போட்டால் மீனை அழுகவைக்கும் கிருமிகள் அதில் வாழ முடியாது என்பது என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் முதல் வாரத்தில் படிக்கும் பாடம். பொருள் மேசைக்கு வராமல் அதைப் பற்றி வாய் திறக்காதே என்று இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிறருக்கு விதி சொன்னவன் நான். என் அலட்சியத்தை நீ ஆதாரமாக்கினாய். ஆக, அந்தப் பெண்ணின் அடுப்பை அணைத்தவர்கள் இருவர். ஒருவன் படித்தவன், இன்னொருவன் அவன் படிக்கவைத்தவன்.

நான் பதில் எழுதிவிட்டேன். பொருளைப் பார்க்காமல், அளவு கேட்காமல், மகனிடம் பொறுப்பில்லாமல் சொன்ன சொல் அது, அறிவியல்படி தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன். விதிப்படி எங்கள் இயக்குநருக்கும் ஒரு படி போயிருக்கிறது. விளக்கம் கேட்பார்கள், கொடுப்பேன். "ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கறப்ப இது தேவையா?" என்று அம்மா கேட்டாள். அந்தக் கடை திறக்க இது தேவை. நீ நேற்று அம்மாவை அழைத்து, "வீடியோவ எடுத்துடறேம்மா, அப்பாவ அதோட விடச் சொல்லு" என்று சொன்னாயாம். எடுத்துவிட்டால் பார்த்தவர்கள் பார்க்காதவர்கள் ஆகிவிடமாட்டார்கள். முதலில் அந்தக் காணொளியின் இடத்தில் என் மறுப்பை முழுவதுமாக, இசை சேர்க்காமல் வெளியிடு. பிறகு அடுத்த வேலை இருக்கிறது.

இந்த உறைக்குள் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அது உனக்கல்ல, அந்தப் பெண்ணுக்கு. அவர் மொழி எனக்குத் தெரியாததால் நம் மொழியிலேயே எழுதியிருக்கிறேன். அந்தத் தெருவில் இரண்டும் தெரிந்தவன் நீ ஒருவன்தான். கைபேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போ. அவர் முன் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்து, அவர் மொழியில் சொல். உன்னைப் பற்றி நான்கு இடங்களில் எழுதியிருக்கிறேன், மென்மையாக எழுதவில்லை. என்னைப் பற்றி இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறேன், அதுவும் அப்படித்தான். ஓரிடத்திலும் சொல்லை மாற்றாதே, தணிக்காதே, வேகமாகச் சொல்லிக் கடந்துவிடாதே. அவர் திட்டினால் கேட்டுக்கொள். திட்டியதை அப்படியே எனக்கு எழுது, என் பங்கு எனக்கு வந்து சேர வேண்டும். சாப்பிடச் சொன்னால் உட்கார்ந்து சாப்பிடு. சொல்லாவிட்டால் நீயாகக் கேட்காதே.

குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. கடைவாய்ப் பல்லை இனியும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டு. அம்மா தன் ஆசிகளை அளவில்லாமல் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். என் ஆசியும் உண்டு. கோபத்தில் நிறுத்திவைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஒன்றை மறந்துவிடாதே. திறக்க ஆணை வரும்வரை கடையின் முன்கதவில் நகராட்சி முத்திரை இருக்கும், அங்கே தட்டாதே, பின்பக்கம் போ. விற்க முடியாத சாடிகளையும் அவர் தினமும் காலை ஏழு மணிக்கு வந்து திறந்து பார்த்து, சாடி வாயைத் துடைத்து, மறுபடி மூடி வைத்துவிட்டுப் போகிறார் என்று அந்த அதிகாரி எழுதியிருக்கிறார். ஏழு மணிக்கு முன்பே போய் நில்.

இப்படிக்கு,
உன் அப்பா