பள்ளிக்கூட வாசலில் ஒரு சோதனைக் கொட்டகை

1903 பிப்ரவரி 16, திங்கள். மாரிகுப்பம் தங்கச் சுரங்கம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போது பங்குக் கோயிலில் இருந்த பெரிய சாமியார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "வாத்தியாரம்மா, பிள்ளைகள் ஒருவரையொருவர் வதைக்கிறார்களே, இதை எங்கே படிக்கிறார்கள்? நாம் சொல்லித் தரவில்லையே?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறவிக் குணம் என்று ஏதோ சொல்லி வைத்தேன்.

இன்று மத்தியானம் பதிலைக் கண்ணால் கண்டேன். பீடத் துணிகளைத் துவைக்க எடுத்துக்கொண்டு கோயிலிலிருந்து பள்ளிக்கூடத்து வழியாக வந்தேன். வாசல் பக்கம் பிள்ளைகள் வரிசையாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கல்லின் மேல் ஒருவன் கோலுடன் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவனாக அவன் முன்னால் போய், துணியை உதறி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டி, கோலைத் தாண்டிக் குதித்தான். ஷிப்டு முடிந்து மேலே வரும் ஆட்களைத் தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று கொட்டகையில் நிறுத்திப் பார்ப்பார்களே, அதே முறை, ஒன்றும் பிசகவில்லை. முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது.

சம்பங்கியின் முறை வந்ததும் சிரிப்பு நின்றது. அவனுக்கு மட்டும் அரைத்துணி அவிழ்ந்தது. வாய்க்குள் விரல் போனது.

"நாக்க தூக்குடா. உங்கப்பன் தலப்பாவுல வெச்சான், நீ எங்க வெச்சிக்கினு கீற?"

சம்பங்கியின் அப்பா ராஜப்பா தீபாவளிக்கு முன்னால் கொட்டகையில் பிடிபட்டார். தலைப்பாகைக்குள் தங்கக் கல். இப்போது பெங்களூர் ஜெயிலில். கல்லின் மேல் உட்கார்ந்திருந்தவன் கிளாரன்ஸ். கொட்டகைக் காவலுக்குத் தலைவரான ஜமேதார் இன்பராஜின் மகன்.

கையைத் தட்டினேன். கலைந்து ஓடினார்கள். ஓய்வு பெற்றாலும் என் கைத்தட்டலுக்கு இன்னும் ஓடுகிறார்கள்.

பிப்ரவரி 18, புதன்.

சம்பங்கியைக் கூப்பிட்டு வேர்க்கடலை உரிக்கச் சொன்னேன். பிள்ளையிடம் நேராகக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். காலில் முள் குத்தி வந்தவனிடம் எந்த முள் என்று விசாரிப்போமா? முதலில் காலைக் கழுவுவோம். கைக்கு வேலை கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன். பாதிக் கடலை உரிந்ததும் அவனே ஆரம்பித்தான்.

தினமும் நடக்கிறதாம். காலையிலும் மாலையிலும். மற்றவர்களுக்கு விளையாட்டு, அவனுக்கு மட்டும் நிஜம்.

"அவன்கிட்டேர்ந்து தள்ளி வரக்கூடாதா?"

"கிளாரன்ஸ்தான எனக்கு ஜோடி? நான் இன்னா பண்றது?"

எனக்குச் சுருக்கென்றது. ஜோடி நான் கொண்டுவந்த வழக்கம். சுரங்கத்தில் புது ஆளைத் தனியே இறக்க மாட்டார்கள், பழைய ஆள் ஒருவன் கூடவே போவான். அதைப் பார்த்துத்தான், புதிதாக வரும் பிள்ளைக்கும் துவண்டுபோன பிள்ளைக்கும் பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்றை ஜோடியாகச் சேர்த்தேன். வீட்டிலிருந்து கூட்டி வரவேண்டும், கூடவே கொண்டுபோய் விடவேண்டும். அந்த இடத்தில் போய்க் கிளாரன்ஸா!

"யாருக்கும் சொல்லாதீங்க, வாத்தியாரம்மா."

"ஹெட்மாஸ்டரிடம் மட்டும் சொல்கிறேன். அவர் என் ஞானமகன். வெளியே போகாது."

யோசித்தான். "அவுரு மட்டும்தான?"

"அவர் மட்டும்தான்."

பிப்ரவரி 19, வியாழன்.

ஹெட்மாஸ்டர் ஏசுபாதத்திடம் சொல்லிவிட்டேன். எழுந்து நின்று கேட்டான். கிளாரன்ஸை ஜோடியிலிருந்து மாற்று, சத்தமில்லாமல் மாற்று, சம்பங்கியின் பெயர் வெளியே வரக்கூடாது என்றேன். "நான் பாத்துக்கறேம்மா, நீங்க கவலப்படாதீங்க" என்று தானே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஞானஸ்நானத்தில் இந்தக் கையில் ஏந்திய பிள்ளை. என் நாற்காலியில் இவனை உட்கார வையுங்கள் என்று சாமியாரிடம் கேட்டு வாங்கியதும் நான்தான். மனம் லேசாகத் தூங்கப் போகிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி.

எழுதக் கை வரவில்லை. மூன்றாம் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டு ரத்தினம்மா ஓடிவந்து சொன்னாள்.

காலை ஜெபம் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் நிற்க, ஏசுபாதம் சம்பங்கியை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறான். "யாருடா உன்ன சோதன போட்டது? வாத்தியாரம்மா வரைக்கும் போய் சொல்லத் தெரிஞ்சுதில்ல, இங்க சொல்லு."

அவன், "யாருமில்ல."

"அப்ப வாத்தியாரம்மா பொய் சொல்றாங்களா?"

பொய் சொன்னதற்காக முழங்காலில் நிற்க வைத்துவிட்டான். அவனை!

"கிளாரன்ஸ் அண்ணன் சிரிச்சிக்கினே இருந்தாரு, அத்த" என்றாள் ரத்தினம்மா.

என் பெயரைச் சொல்லி — என் வாயால் போன வார்த்தையை வைத்து — அந்தப் பிள்ளையை. ஏன்டா ஏசுபாதம்? நான் உனக்கு என்ன செய்தேன்?

பிப்ரவரி 23, திங்கள்.

சம்பங்கி பள்ளிக்கு வரவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்.

இன்றும் இல்லை.

பிப்ரவரி 25, விபூதிப் புதன்.

பூசை முடிந்து ஏசுபாதத்தைப் பள்ளியில் பிடித்தேன். இருவர் நெற்றியிலும் சாம்பல்.

"சத்தமில்லாமல் செய் என்றேனே?"

"விசாரிக்காம எப்படிம்மா? நாளைக்கு யாரு வேணும்னாலும் யாரு மேலயும் சொல்லலாம்."

"நான் சொன்னது உனக்குப் போதாதா?"

மேசையிலிருந்த சிலேட்டுப் பலப்பப் பெட்டியைத் திறந்து மூடினான். பிறகு மெதுவாக: "பலப்பம் காணாம போயிக்கினே இருந்துது. கிளாரன்ஸ்கிட்ட நான்தான் ஒருதரம் அவன சோதிச்சுப் பாக்கச் சொன்னேன். அதுக்குத்தான் ஜோடியும் போட்டேன்."

பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"எப்போதிலிருந்து?"

"பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து."

"ஒருதரம் என்றாயே. ஏன் அவனை மட்டும்?"

"அவங்கப்பன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "இன்பராஜ் மகனப் போய் நான் தண்டிக்க முடியுமா? கூரையப் பாருங்க. மழைக்கு முன்னால மரம் மாத்தணும். மைன்லேர்ந்து பழைய மரம் வரணும்னா அவரு ஒரு வார்த்த சொல்லணும். நூறு புள்ளைங்க தலைக்கு மேல கூரை வேணுமா, ஒரு புள்ளைக்கு நியாயம் வேணுமா? நீங்களே சொல்லுங்க."

கணக்குப் போடும் குரலில் கேட்டான். அந்தக் கணக்கை நான் சொல்லித் தரவில்லை.

பலப்பம் கிடைத்ததா என்று கேட்டேன். சம்பங்கியிடம் கிடைக்கவில்லையாம்.

சுரங்கத்தில் முட்டுக் கொடுத்த மரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள், உள்ளே இற்றிருந்தால் சத்தம் மாறும். இத்தனை வருடம் இவனைத் தட்டிப் பார்த்தேனே, ஒருநாளும் சத்தம் மாறவில்லையே. கேட்கத் தெரியாதவளா நான்? அல்லது நம் பிள்ளை என்று காதை மூடிக்கொண்டேனா?

பிப்ரவரி 27, வெள்ளி.

சம்பங்கியின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வெங்கடம்மா விறகு பிளந்துகொண்டிருந்தாள். கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்தீங்க? இன்னும் மிச்சம் கீதா?"

"பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, வெங்கடம்மா."

"அவங்கப்பன ஒரு கொட்டாயில நிக்க வெச்சாங்க. இவன இன்னொரு கொட்டாயில நிக்க வெச்சீங்க. அங்கயாவது நிக்கறதுக்குக் கூலி குடுத்தாங்க. திங்கக்கெழமலேர்ந்து கல்லு பொறுக்கப் போறான், மேஸ்திரிகிட்ட பேசியாச்சு."

சுரங்க வாசலில் தங்கக் கல் பொறுக்கப் போன பிள்ளை எதுவும் பள்ளிக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அங்கிருந்து நேரே கீழே இறக்கிவிடுவார்கள்.

கதவுக்குப் பின்னாலிருந்து சம்பங்கியின் குரல்: "அவுரு மட்டும்தான்னு சொன்னீங்க."

"சொன்னேன். அந்த ஆளை நம்பித்தான் சொன்னேன். நம்பினது தப்பு" என்றேன்.

வெங்கடம்மாவிடம் ஒரே ஒரு வாரம் கேட்டேன். "என்னோடு அனுப்பு. நானே அவனுக்கு ஜோடி."

முதல்தடவையாகச் சிரித்தாள். "இந்த வயசுலயா? உங்களுக்கே ஒரு ஜோடி வேணும், வாத்தியாரம்மா." பிறகு கோடரியை வைத்தாள். "ஒரு வாரம். அதுக்கு மேல மேஸ்திரி காத்துக்கினு இருக்க மாட்டாரு."

மார்ச் 2, திங்கள்.

சம்பங்கி எனக்கு நாலடி முன்னால் நடந்தான், திரும்பிப் பார்க்கவேயில்லை. வாசலை நெருங்கியதும் நின்றுவிட்டான். கல்லின் மேல் கிளாரன்ஸ்.

நான் முந்திக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றேன். செருப்பைக் கழற்றி வைத்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

கிளாரன்ஸ் எழுந்துவிட்டான். "இன்னா வாத்தியாரம்மா இது?"

"சோதனை போடு."

"ஐயோ, உங்களுக்கு வாணாம்."

"ஏன்?"

"நீங்க திருட மாட்டீங்க."

"இவன் திருடினதை நீ பார்த்தாயா?"

உதட்டைக் கடித்தான். "பாக்கல."

"ஒரு நாளாவது ஏதாவது கிடைத்ததா?"

"இல்ல."

"அப்படியானால் எங்கள் இரண்டு பேருக்கும் போடு, இல்லை இரண்டு பேரையும் விடு."

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தோள் வலித்தது. கையை இறக்கவில்லை. படிக்கட்டில் ஏசுபாதம் வந்து நின்றான். அவனை நேராகப் பார்த்தேன். ஒரு வார்த்தை, "போதும்" என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அப்போதும் எதிர்பார்த்தேன். உள்ளே போய்விட்டான்.

கிளாரன்ஸ்தான் கோலைக் கீழே போட்டான். "கைய இறக்குங்க வாத்தியாரம்மா" என்றான், கெஞ்சுகிற மாதிரி. நானும் சம்பங்கியும் உள்ளே போனோம்.

மார்ச் 3, செவ்வாய்.

ஜமேதார் இன்பராஜ் பெல்ட்டும் பூட்சுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எம்புள்ள ராத்திரி சோறு துன்னல. ஊரு முன்னால அவமானம்ன்றான். இன்னா நடந்துது?"

நடந்ததைச் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல். கேட்டுவிட்டு நிலைக்கல்லில் உட்கார்ந்தார்.

"நாள் முழுக்க ஆம்பளைங்க வாய்க்குள்ள பாக்கறதுதான் எம்பொழப்பு. வீட்டுக்கு வந்து அத நடிச்சுக் காட்டி சிரிக்க வெச்சது நான்தான். ராஜப்பா அழுததக்கூட நடிச்சேன்." பெல்ட்டைத் தொட்டபடி, "எம்புள்ளைய நான் கேட்டுக்கறேன்" என்றார்.

அடிக்காதீர்கள் என்றேன். அடித்தால், மாட்டிக்கொண்டதுதான் தப்பு என்று படிப்பான். அடிப்பதற்குப் பதில் ராஜப்பாவைப் பற்றி நல்லதாக ஏதாவது தெரிந்தால் அதைச் சொல்லுங்கள் என்றேன். ஜமேதார் யோசித்தார். "பாறை சரிஞ்சப்போ அவன்தான் ரெண்டு பேர இழுத்துக்கினு வந்தான்" என்றார். அதையே சொல்லுங்கள் என்றேன்.

போகும்போது கூரை மரத்தைப் பற்றிக் கேட்டேன். "உங்கள் ஒரு வார்த்தைக்காகத்தான் ஹெட்மாஸ்டர் பயந்தார்."

"எம்பேச்சுக்கு எவன் மரம் குடுப்பான்? அது மைன் துரை பாத்து குடுக்கறது. சாமியார் எழுதிப் போட்டா வரும். ஹெட்மாஸ்டர் என்கிட்ட கேக்கவேயில்லியே!"

கேட்கவேயில்லை. யாரும் கேட்காத விலைக்கு என்னையும் அந்தப் பிள்ளையையும் விற்றிருக்கிறான்.

மார்ச் 6, வெள்ளி.

முழங்கால் வீங்கிவிட்டது. இன்று சம்பங்கி நாலடி முன்னால் நடக்கவில்லை. "மெதுவா வாங்க, மணி இன்னும் அடிக்கல" என்றான். திங்கட்கிழமையும் அனுப்புகிறேன் என்று வெங்கடம்மா சொல்லிவிட்டாள்.

மார்ச் 19, வியாழன்.

சாமியார் கூப்பிட்டு விசாரித்தார். ஏசுபாதத்தை வேலையிலிருந்து நீக்கட்டுமா என்று கேட்டார். ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பொய் சொல்வானேன், இந்த ஒரு மாதமாக அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எல்லார் முன்னும் ஒருவனை நிறுத்தி இறக்குவதைத்தானே கூடாது என்கிறேன். இருக்கட்டும் சாமி என்றேன். ஜோடி போடுவதை மட்டும் இனி அவனிடம் விடவேண்டாம், பிள்ளைகளையே கேட்டுப் போடுங்கள் என்றேன். சரி என்றார்.

மன்னித்துவிட்டேனா? இல்லை. இன்னும் இல்லை.

ஏப்ரல் 12, பாஸ்கு ஞாயிறு.

ஆண்டவர் உயிர்த்த திருநாள் பூசைக்குப் பிறகு வழக்கம்போலப் பாயை விரித்து வைத்தேன். ஏசுபாதம் ஒவ்வொரு பாஸ்குவுக்கும் பெண்சாதி பிள்ளையோடு வந்து முழங்காலிட்டு ஆசீர்வாதம் வாங்குவான். இன்று கோயிலின் பக்கவாசல் வழியாகப் போய்விட்டான். மத்தியானம்வரை காத்திருந்துவிட்டுப் பாயைச் சுருட்டினேன்.

சம்பங்கி ஒருநாளும் விடாமல் பள்ளிக்குப் போகிறான். என்னோடு அல்ல. போன வாரம், "நாளைலேர்ந்து வராதீங்க, ரத்தினம்மாகூட போய்க்கறேன், உங்க கால் பாவம்" என்று சொல்லிவிட்டான். புதன்கிழமை என் வாசல் வழியாக ஒரு கூட்டமாகப் போனார்கள். நடுவில் அவன், எதற்கோ உரக்கச் சிரித்துக்கொண்டு. கடைசியில் கிளாரன்ஸ், கொஞ்சம் தள்ளித்தான், ஆனாலும் கூடவே.

இந்த ஏட்டை யார் கையில் எடுத்தாலும், பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவரானால், ஒன்று செய்து பாருங்கள்: ஒடுங்கி நிற்கிற பிள்ளையை எல்லார் முன்னும் கூப்பிட்டு விசாரிக்காமல், ஒரு வாரம் அதன் வீட்டிலிருந்து பள்ளிவரை கூடவே நடந்து போங்கள்.